இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தின் சொந்த ஊரைத் தேடிப் பிடிப்பது எப்படி

அமெரிக்காவில் "நாங்கள் இத்தாலியக் குடும்பம்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்பவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். "நேப்பிள்ஸ் பக்கம்", "சிசிலி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். 1880-க்கும் 1924-க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் சிசிலி, கலாப்ரியா, கம்பானியா, பசிலிக்காத்தா, அப்ரூத்ஸோ, பூலியா போன்ற தென்பகுதிகளின் சிற்றூர்க்காரர்கள். இத்தாலி ஒரே நாடானதே 1861-ல்தான். கப்பலேறியவர்களுக்கு ஊரும், ஊர்ப் புனிதரும், ஊர்ப் பேச்சும்தான் அடையாளம். அமெரிக்கா வந்த பிறகும் ஊர்வாரியாகத்தான் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

ஊர்ப் பெயர் தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தாலியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் கொமூனே எனப்படும் ஊராட்சி வாரியாக வைக்கப்பட்டிருக்கின்றன. நாடு முழுவதற்கும் பொதுவான அட்டவணை கிடையாது. கொமூனே பெயர் தெரியாதவரை இத்தாலியப் பக்கம் எந்தத் தேடலும் நகராது. அதனால் முதல் பாதி வேலை முழுக்க அமெரிக்க ஆவணங்களில்தான்.

வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள்

ஆவணக் காப்பகம் அடுத்த வருடமும் இருக்கும். 90 வயது அத்தையிடம் கேட்க வேண்டியதை இந்த மாதமே கேளுங்கள். "இத்தாலியில் எந்த ஊர்?" என்று நேராகக் கேட்டால் மாகாணத் தலைநகரின் பெயரோ, கப்பலேறிய துறைமுகத்தின் பெயரோதான் பெரும்பாலும் வரும். சுற்றி வளைத்துக் கேட்பது பலன் தரும். தாத்தா முதலில் வந்து யார் வீட்டில் தங்கினார்? பிள்ளைகளுக்கு ஞானத்தந்தையாக நின்றவர்கள் யார், அவர்களும் ஊர்க்காரர்களா? எந்தச் சங்கத்தில் சந்தா கட்டினார்? ஊர்த் திருவிழா எந்தப் புனிதருக்கு, எந்த மாதத்தில்?

கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள். சான் ரோக்கோ திருவிழா என்றால் அதிகப் பயனில்லை, தெற்கு முழுக்க அவருக்கு விழா எடுக்கிறார்கள். ஆனால் சான் பாவொலீனோ என்றால் கம்பானியாவில் உள்ள நோலாதான். அங்கிருந்து வந்தவர்கள் 1903 முதல் புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க்கில் ஜீலியோ என்ற உயரமான கோபுரத்தைத் தோளில் தூக்கிக் கொண்டாடி வருகிறார்கள். பாஸ்டன் நார்த் எண்டில் மதோன்னா தெல் சொக்கோர்சோவைப் பவனி எடுப்பது சிசிலியின் ஷாக்காவிலிருந்து வந்த மீனவர்களின் வழக்கம்.

குடும்பம் அமெரிக்காவில் முதலில் குடியிருந்த இடமும் ஒரு தடயம். ஒருவர் வந்து வேலை பிடித்தால் தம்பி, மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாக வந்தார்கள். பென்சில்வேனியாவின் ரொசெத்தோ, பூலியாவின் ரொசெத்தோ வால்ஃபொர்த்தோரேயிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கிய ஊர். டாம்பாவின் ஈபோர் சிட்டிக்கு சுருட்டு சுற்ற வந்தவர்களில் பலர் சிசிலியின் சாந்தோ ஸ்தேஃபனோ குயிஸ்குயீனா, அலெஸ்ஸாந்திரியா தெல்லா ரொக்கா ஊர்க்காரர்கள். வெர்மான்டின் பாரி நகரத்துக் கிரானைட் பட்டறைகளுக்குக் கராராவிலிருந்து கல்தச்சர்கள் வந்தார்கள். குடும்பம் இப்படி ஓர் இடத்தில் இருந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

பெட்டி, இழுப்பறைகளில் தேட வேண்டியவை: பழைய கடவுச்சீட்டு, ராணுவத்திலிருந்து விடுவித்த சான்று, இறந்தவர் நினைவாக அச்சடித்த சிறு ஜெப அட்டைகள், சங்கத்தின் சட்டைப் பொத்தான் சின்னம். கடிதம் கிழிந்திருந்தாலும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். புகைப்பட அட்டையின் பின்புறமோ கீழ் விளிம்போ ஸ்டுடியோ இருந்த நகரத்தைச் சொல்லும். படங்களை 600 டிபிஐ அளவில், டிஃப் கோப்பாக, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பெயர் எழுத வேண்டுமானால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா அழுத்தம் முன்பக்கம் தடமாகப் புடைக்கும். 1970-களின் ஒட்டும் ஆல்பங்களில் சிக்கிய படத்தை இழுத்துப் பிய்க்கக் கூடாது. முதலில் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து வாருங்கள். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்க ஆவணங்கள்: கடைசியிலிருந்து பின்னோக்கி

எல்லோரும் முதலில் ஓடுவது, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவின் கப்பல் பட்டியலுக்கு. அங்கே போய் 'ஜுசெப்பே ருஸ்ஸோ' என்று தட்டினால் ஒரே வயதில் ஒரு கூட்டமே வந்து நிற்கும். யார் உங்கள் ஆள் என்று பிரிக்கக் கையில் எதுவும் இருக்காது. பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், வந்த வருடம், கப்பல் பெயர் ஆகியவற்றை வேறு ஆவணங்களில் சேர்த்துக்கொண்டு கடைசியாகக் கப்பல் பட்டியலுக்குப் போவதே சரியான வரிசை.

இறப்புச் சான்றிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அதில் உள்ள பெற்றோர் பெயரை முழுதாக நம்பாதீர்கள். துக்கத்தில் இருந்த மகனோ மருமகளோ நினைவிலிருந்து சொன்னது அது. சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான எஸ்எஸ்-5 விண்ணப்பம் அதைவிட மேல். அவரே நிரப்பியது, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். 1877 ஏப்ரல் 28-க்கும் 1897 பிப்ரவரி 16-க்கும் இடையில் பிறந்த ஆண் என்றால் 1942 ஏப்ரல் இறுதியில் நடந்த ராணுவப் பதிவு அட்டையைத் தேடுங்கள். வயதானவர்களைப் பதிந்த அந்தச் சுற்றில் பிறந்த இடம் கேட்கப்பட்டது. பலர் அதில் ஊர்ப் பெயரையே சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது குடியுரிமைக் கோப்பு. 1906 செப்டம்பர் 27 இங்கே எல்லைக்கோடு. அதற்கு முந்தைய கோப்புகளில் "இத்தாலிய மன்னரின் குடிமகன்" என்பதைத் தாண்டி அதிகம் இருக்காது. அதற்குப் பிந்தையவற்றில் பிறந்த ஊர், தேதி, கப்பல், இறங்கிய நாள், மனைவி மக்கள் பெயர்கள் எல்லாம் உண்டு. 1929 ஜூலை முதல் புகைப்படமும் ஒட்டப்பட்டிருக்கும். குடியுரிமை கொடுத்தது நீதிமன்றம். மத்திய நீதிமன்றம் என்றால் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தின் மண்டலக் கிளையில் இருக்கும், கவுன்டி எனப்படும் மாவட்டத்தின் நீதிமன்றம் என்றால் பெரும்பாலும் அந்தக் கவுன்டியிலேயே. இரண்டிலும் கிடைக்காவிட்டால், 1906-க்குப் பிந்தைய நகல் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறையின் வம்சாவளிப் பிரிவில் இருக்கும். முதலில் பெயர் அட்டவணைத் தேடல், பிறகு கோப்பு என்று இரண்டு விண்ணப்பங்கள் போட வேண்டும்.

பெண்ணுக்குக் கோப்பே இல்லை என்று திகைக்க வேண்டாம். 1922 செப்டம்பர் 22 வரை மனைவியின் குடியுரிமை கணவனுடையதோடு தானாகவே வந்தது. கணவரின் கோப்பைத் தேடுங்கள். ஒருவர் குடியுரிமை வாங்கினாரா என்பதையே மக்கள்தொகைக் கணக்கு சொல்லிவிடும்: 'அல்' என்ற குறி அன்னியர், 'பா' முதல் மனு போட்டவர், 'நா' குடியுரிமை பெற்றவர். 1920 கணக்கில் எந்த வருடம் பெற்றார் என்றும் இருக்கும். கடைசிவரை வாங்காதவர் என்றால் 1940-ல் கட்டாயமாக்கப்பட்ட அன்னியர் பதிவுப் படிவம் ஒன்று அவர் பெயரில் இருக்க வேண்டும். பிறந்த ஊரை அதிலும் கேட்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் கைவிட்டால் கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது. இத்தாலியர்களுக்கென்று தனிப் பங்குகள், அதாவது தனிக் கோவில் வட்டாரங்கள், இருந்த நகரங்களில் திருமணப் பதிவேட்டில் மணமக்களின் ஊரையும் மறைமாவட்டத்தையும் குருக்கள் எழுதி வைத்தார்கள். 1908 ஈஸ்டர் முதல், திருமணம் நடந்த செய்தியை ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்கு அனுப்ப வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வந்தது. அதனால் இத்தாலியச் சிற்றூரின் ஞானஸ்நானப் பதிவேட்டு ஓரத்தில் நியூஜெர்சியில் நடந்த கல்யாணத்தின் குறிப்பு இருக்கலாம். சரியான ஆளைத்தான் பிடித்தோமா என்று உறுதிசெய்ய இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கப்பல் பட்டியலை முழுதாகப் படியுங்கள்

எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1-ல் திறந்தது. 1897 ஜூனில் தீப்பிடித்து, 1900 டிசம்பரில் புதுக் கட்டடத்தில் மறுபடி இயங்கத் தொடங்கியது. நியூயார்க்கில் காணாவிட்டால் பாஸ்டன், பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகங்களையும் பாருங்கள். பலெர்மோவிலிருந்து கிளம்பிய சிசிலியர்களில் நிறையப் பேர் நேராக நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார்கள்.

"எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்ற கதை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. பட்டியல் எழுதப்பட்டது நேப்பிள்ஸிலோ பலெர்மோவிலோ ஜெனோவாவிலோ, கப்பல் நிறுவனத்தாரால். தீவில் இருந்த அதிகாரி அந்தத் தாளை வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான். பெயர் மாறியது பிறகு பள்ளியிலும் வேலைத்தளத்திலும் குடியுரிமை மனுவிலும். ஆகவே கப்பலில் இத்தாலியப் பெயரையே தேடுங்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் என்று வாழ்ந்தவர் அங்கே வின்சென்ஸோவாக இருக்கலாம். சாம் என்பவர் சால்வத்தோரே, சார்லஸ் என்பவர் கலோஜெரோ அல்லது பஸ்குவாலே. திருமணமான பெண் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரில்தான் இருப்பார், பிள்ளைகள் அப்பா பெயரில். அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து வந்தும் அம்மாவைக் காணோம் என்று தவிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். கணினி அட்டவணை தயாரித்தவர்கள் பழைய கையெழுத்தில் பெரிய எஸ்-ஐ எல் என்றும், டி-யை எஃப் என்றும் படித்திருப்பார்கள். பெயரின் பாதியை மட்டும் கொடுத்து, வயது, வருடம், ஊர் வைத்துத் தேடினால் அகப்படும்.

1907 முதல் பட்டியல் இரண்டு பக்கத் தாளாக விரிகிறது. இடப்பக்கத்தில் பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, கடைசியாக வசித்த ஊர், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயர், போய்ச் சேரும் இடம். இனம் என்ற கட்டத்தில் 'வட இத்தாலியர்', 'தென் இத்தாலியர்' என்று அமெரிக்க அரசு இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும். வலப்பக்கத்தில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவர், கையில் இருந்த டாலர், முன்பு வந்திருக்கிறாரா, யாரிடம் போகிறார், அவர் முகவரி, உயரம், கண் நிறம், கடைசிக் கட்டத்தில் பிறந்த ஊர். இணையத்தில் பெயரைச் சொடுக்கினால் இடப்பக்கம் மட்டும் திறக்கும். அதைப் பதிவிறக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் மிக அதிகம். அடுத்த படத்துக்குப் போனால்தான் பிறந்த ஊர் கிடைக்கும்.

தனி ஒருவரின் வரியோடு நிறுத்தாமல் மேலும் கீழும் உள்ள வரிகளையும் படியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்தே பயணம் செய்தார்கள். உங்கள் ஆளுக்கு எதிரே ஊர்ப் பெயர் கிறுக்கலாக இருந்தால் நான்கு வரி கீழே அதே பெயர் தெளிவாக இருக்கக்கூடும். பெயருக்கு முன்னால் எக்ஸ் குறி இருந்தால் தீவில் தடுத்து வைக்கப்பட்டார் என்று பொருள். அந்தக் கப்பலின் பட்டியல் முடிவில் தடுக்கப்பட்டவர்களுக்கென்று தனித் தாள் இருக்கும், யார் வந்து அழைத்துப் போனார்கள் என்பது அதில் தெரியும். தொழில் கட்டத்துக்கு மேல் பிறகு எழுதப்பட்ட எண்களும் தேதியும் தெரிந்தால், பின்னாளில் குடியுரிமைக்காக அந்தப் பதிவு சரிபார்க்கப்பட்டது என்று அர்த்தம். குடியுரிமைக் கோப்பைத் தேட வேண்டிய வருடத்தை அந்தத் தேதியே காட்டிக் கொடுக்கும்.

ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்திருப்பதும் சாதாரணம். பல ஆண்கள் சில வருடம் உழைத்துச் சம்பாதித்து ஊருக்குத் திரும்பி, மறுபடி வந்தார்கள். முதல் பயணத்தைக் கண்டதும் தேடலை முடித்துவிடாதீர்கள்.

ஊர்ப் பெயரைச் சரிபார்த்தல்

பட்டியலில் உள்ள பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லாமல் போகலாம். ஜிர்ஜென்த்தி 1927-ல் அக்ரிஜெந்தோ ஆனது. பியானா தெய் கிரேச்சி 1941-ல் பியானா தெல்யி அல்பனேசி ஆனது. மத்தேரா 1927-ல்தான் தனி மாகாணம். அதுவரை பசிலிக்காத்தா முழுக்கப் பொதென்ஸா மாகாணம். சில பெயர்கள் ஊராட்சியாக இல்லாமல் அதற்குள் அடங்கிய குக்கிராமமாக இருக்கும். அப்போது தாய் ஊராட்சியின் ஏட்டில் தேட வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு, ஆகவே மாகாணப் பெயர் இல்லாத ஊர்ப் பெயரை எங்கும் குறித்து வைக்காதீர்கள்.

மாகாணம் மட்டும் தெரிந்து ஊர் தெரியவில்லை, தேடுவது ஆணை என்றால் லேவா எனப்படும் கட்டாய ராணுவச் சேவைப் பட்டியல் உதவும். பிறந்த வருட வாரியாக ஆண்கள் அனைவரையும் அதில் எழுதினார்கள். அமெரிக்கா போய்விட்டவர்களும் இருப்பார்கள், ஆஜராகவில்லை என்ற குறிப்போடு. அவை மாகாணத் தலைநகரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இத்தாலியப் பதிவேட்டுக்குள்

ஊர் உறுதியானதும் அன்தெனாத்தி தளத்துக்குப் போங்கள். இத்தாலிய அரசின் காப்பகத் துறை நடத்துவது, இலவசம். மாகாணக் காப்பகம், பிறகு ஊர், பிறகு வருடம் என்று போக வேண்டும். தெற்கில் அரசுப் பதிவு 1809-லிருந்தும், சிசிலியில் 1820-லிருந்தும் உண்டு. நாடு முழுவதற்குமான பதிவு 1866-ல் தொடங்கியது, வெனெத்தோவில் 1871. நாத்தி என்றால் பிறப்பு, மத்ரிமோனி திருமணம், மோர்த்தி இறப்பு. ஒவ்வொரு வருட ஏட்டின் கடைசியிலும் பெயர் அட்டவணை இருக்கும். அதில் பதிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்னால் வாருங்கள். பழைய ஏடுகள் சிலவற்றில் அட்டவணை குடும்பப்பெயரில் இல்லாமல் சொந்தப் பெயரில் அடுக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் சொன்ன பிறந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வருடம் பாருங்கள். பலருக்குத் தங்கள் வயது துல்லியமாகத் தெரியாது, சிலர் பெயர்கொண்ட புனிதரின் நாளையே பிறந்த நாளாகக் கொண்டாடினார்கள்.

தேதிகள் எண்ணில் இல்லாமல் எழுத்தில் இருக்கும். சுருக்கத்தில் ஒரு பொறி: 7 போட்டு அருகில் 'ப்ரே' என்றிருந்தால் செப்டம்பர், ஏழாம் மாதமல்ல. 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் டிசம்பர். பழைய ரோமானிய மாத எண்ணிக்கை அது. இதை ஜூலை என்று படித்துவிட்டால் எந்த ஆவணமும் ஒன்றோடொன்று பொருந்தாது.

பதிவுகளில் தகப்பன் பெயருக்கு முன்னால் வரும் ஒரு சிறு சொல்லைக் கவனியுங்கள். "பியெத்ரோ தி அன்தோனியோ" என்றால் அன்தோனியோவின் மகன் பியெத்ரோ, அப்பா உயிரோடு இருக்கிறார். "பியெத்ரோ ஃபூ அன்தோனியோ" என்றால் அப்பா காலமாகிவிட்டார். பியெத்ரோவின் 1882 திருமணப் பதிவில் 'தி', 1885-ல் அவர் மகள் பிறப்பைப் பதிய வந்தபோது 'ஃபூ' என்றால், அன்தோனியோவின் இறப்பு அந்த நான்கு வருட ஏடுகளுக்குள் இருக்கிறது. இப்படி இரண்டு சொற்களை வைத்து ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். இறப்புப் பதிவு கிடைத்ததும் அதில் அன்தோனியோவின் பெற்றோர் பெயர்கள் இருக்கும்.

பெயர் வைக்கும் முறையும் கைகொடுக்கும், குழப்பவும் செய்யும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர், இரண்டாவதற்கு அம்மாவின் அம்மா பெயர். தாத்தா பாட்டி பெயர் தெரியாதபோது பிள்ளைகளின் வரிசையே அதை ஊகிக்க வழி காட்டும். ஆனால் நான்கு சகோதரர்களுக்கு நான்கு மூத்த மகன்கள் என்றால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைத்தார்கள். ஆகவே பெயரும் வருடமும் பொருந்தியது போதாது, அம்மாவின் பெயரும் பொருந்த வேண்டும். இணையத்தில் சுற்றும் குடும்ப மரங்களில் பல இந்த இடத்தில்தான் வேறு குடும்பத்துக்குள் தாவிவிடுகின்றன.

திருமணத்தோடு இணைத்த காகிதக் கட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். அல்லெகாத்தி அல்லது புரோசெஸ்ஸெத்தி என்று தனி ஏடாக இருக்கும். மணமக்களின் பிறப்புச் சான்று, இறந்த பெற்றோரின் இறப்புச் சான்று, அப்பா இல்லாவிட்டால் சம்மதம் தர வேண்டிய தாத்தாவின் இறப்புச் சான்று வரை அதில் செருகப்பட்டிருக்கும். 1820-களில் நடந்த ஒரு கல்யாணத்தின் கட்டு 1700-களின் நடுப்பகுதி வரை கொண்டுபோய் விடும். அதற்கும் முந்தையதற்குப் பங்குக் கோவிலின் லத்தீன் ஏடுகள்தான்.

இணையத்தில் இல்லாதவற்றுக்குக் கொமூனேவின் ஸ்தாத்தோ சிவீலே எனப்படும் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். இத்தாலிய மொழியில், ஒரு கடிதத்தில் ஒரே ஆளுக்கு. முழுப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், எந்தச் சான்று வேண்டும், உங்கள் உறவு, இவ்வளவு போதும். பெற்றோர் பெயர் வேண்டும் என்று குறிப்பிடாமல் சுருக்கச் சான்று கேட்டால் அது இல்லாமலே அனுப்பிவிடுவார்கள். முழு நகல் வேண்டுமானால் 'கோப்பியா இந்தெக்ராலே' என்று கேளுங்கள். பெக் எனப்படும் சான்றளித்த மின்னஞ்சல் முகவரிகள் பல, சாதாரண மின்னஞ்சலை ஏற்காமல் திருப்பிவிடும், ஆகவே அலுவலகத்தின் சாதாரண முகவரியைத் தேடி எடுங்கள். ஆகஸ்டில் அனுப்ப வேண்டாம், அலுவலகம் பாதி விடுமுறையில் இருக்கும். ஊராட்சி ஏடு நிலநடுக்கத்திலோ போரிலோ அழிந்துபோனது என்று பதில் வந்தாலும் நம்பிக்கை இழக்காதீர்கள். ஒவ்வொரு ஏட்டுக்கும் இரண்டாம் பிரதி நீதிமன்றத்துக்குப் போனது.

சொல்லாமல் விட்ட பக்கங்கள்

குடும்பங்கள் மறைத்தவையும் ஏடுகளில் வரும். நியூ ஆர்லியன்ஸில் 1891 மார்ச் 14 அன்று 11 இத்தாலியர்களைக் கூட்டம் சேர்ந்து கொன்றது. 1924 சட்டம் இத்தாலியிலிருந்து வருடத்துக்கு 3,845 பேர் மட்டும் வரலாம் என்று கதவைச் சாத்தியது. அமெரிக்காவும் இத்தாலியும் போரில் மோதிக்கொண்ட 1941 டிசம்பரில் குடியுரிமை வாங்காத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'எதிரி நாட்டார்' ஆக்கப்பட்டார்கள். அந்த முத்திரை 1942 அக்டோபர் 12-ல் விலக்கப்பட்டது. பிள்ளைகளிடம் இத்தாலிய மொழியே பேசாமல் நிறுத்திய வீடுகள் பல. பாட்டி ஏன் மொழியை விட்டார், மாமா ஏன் பெயரை வெட்டினார் என்பதற்குப் பதில் இந்த வருடங்களில் இருக்கலாம். குடும்ப வரலாறு எழுதும்போது இவற்றையும் தேதியோடு எழுதுங்கள். அப்பா பெயர் தெரியாத குழந்தை, எழுதத் தெரியாமல் சிலுவைக் குறி போட்டவர், கூலி என்று பதிந்த கொள்ளுத்தாத்தா, எதையும் நீக்க வேண்டாம்.

குடும்பப்பெயருக்கு 'குலச் சின்னம்' அச்சடித்து விற்கும் கடைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சின்னங்கள் குறிப்பிட்ட குடும்பங்களுக்குத் தரப்பட்டவை, அதே குடும்பப்பெயர் உள்ள எல்லோருக்கும் சேராது. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் உழவர்கள், தினக்கூலிகள், கந்தகச் சுரங்கத் தொழிலாளிகள், செருப்புத் தைப்பவர்கள். அந்தத் தொழில் பெயர் எழுதிய பதிவின் நகலைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

இத்தாலியக் கடவுச்சீட்டுக்காகத்தான் தேடுகிறீர்கள் என்றால் ஒன்று. 2025 மே மாதம் நிறைவேறிய 74-ஆம் எண் சட்டம் வம்சாவளிக் குடியுரிமையைப் பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி வரை சுருக்கிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

அடுப்படியில் உள்ள பதிவு

வயதானவர்கள் அளவு சொல்லமாட்டார்கள். "கையில் எடுத்துப் போடு" என்பார்கள். அவர் சமைக்கத் தொடங்கும் முன் மாவு டப்பா, எண்ணெய்ப் புட்டி, உப்பு ஜாடி ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறியுங்கள். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். கழித்தால் வருவதுதான் அவருடைய அளவு. நடுவில் நிறுத்தி அளந்து காட்டச் சொன்னால் கை தடுமாறி வேறு அளவு வந்துவிடும். அடுப்பை எந்த அளவில் வைத்தார், எப்போது மூடினார் என்பதைக் காணொளி பார்த்துக்கொள்ளும்.

சிசிலியக் குடும்பம் என்றால் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள் மேசையிலிருந்து தொடங்கலாம். தவக்காலம் என்பதால் இறைச்சி கிடையாது. பாஸ்தாவின் மேல் சீஸும் கிடையாது. தச்சரான சூசையப்பரின் மரத்தூளாக வறுத்த ரொட்டித்தூள் வரும். நான்கு பேருக்கு 400 கிராம் ஸ்பகெத்தி, 100 கிராம் ரொட்டித்தூள், 5 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 6 உப்பு நெத்திலி, 2 பல் பூண்டு. இரண்டு நாள் பழைய கெட்டி ரொட்டியைத் துருவிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் மாவு போன்ற தூள் சீக்கிரம் கருகி, வாயில் புழுதியாகத் தெரியும். 3 கரண்டி எண்ணெயில் தூளை மிதமான தீயில் 6 முதல் 8 நிமிடம் கிளறி, நீங்கள் விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்பே தட்டுக்கு மாற்றிவிடுங்கள், தூளில் உள்ள சூடே மீதியைச் செய்துவிடும். மீதி எண்ணெயில் பூண்டும் நெத்திலியும் கரையவிட்டு, பாஸ்தாவையும் அது வெந்த நீர் அரைக் கோப்பையும் சேர்த்துப் புரட்டுங்கள். தூளைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். முன்பே கலந்தால் ஊறிக் களியாகும்.

மீட்பால் போட்ட ஸ்பகெத்தி இத்தாலியில் இல்லாத அமெரிக்கக் கலப்பு என்று யாராவது குறை சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். ஊரில் பண்டிகைக்கு மட்டும் இறைச்சி பார்த்தவர்கள், இங்கே வாரச் சம்பளத்தில் வாங்கிச் சமைத்த சாப்பாடு அது. அதையும் அதே கவனத்தோடு எழுதி வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பதிவு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, வேலை நாள் காலையில் போங்கள். பிற்பகலில் பல ஊர்களில் கதவு மூடியிருக்கும். பதிவு எண்கள், தேதிகளோடு ஒரே பக்கத்தில் அச்சிட்ட குடும்ப மரத்தைக் கொண்டு போனால் ஊழியர் ஐந்து நிமிடத்தில் ஏட்டை எடுப்பார். கல்லறைத் தோட்டத்தில் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே இடம் பெரும்பாலும் குத்தகைக்குத்தான், காலம் முடிந்ததும் எலும்புகளைப் பொது எலும்பறைக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் அதே குடும்பப்பெயர் உள்ள புதிய கல்லறைகளைப் படம் எடுங்கள், ஊரில் இன்னும் இருக்கும் உறவினர் கிளை எது என்பது அதில் தெரியும். கிளம்பும் முன் குடும்ப மரத்தின் இன்னொரு நகலை, உங்கள் முகவரியோடு, ஊர் நூலகத்திலும் பங்குத்தந்தையிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள். அமெரிக்கா போன கிளை என்ன ஆனது என்று அங்கேயும் யாராவது தேடிக்கொண்டிருக்கலாம்.